வோல்வோ 240-க்கு டர்போ இன்ஜின்: எந்த வழியில் போவது?

வோல்வோ 240 வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வண்டியின் உறுதியைப் புகழ்வார்கள், அதன் வேகத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். 1974 முதல் 1993 வரை சுமார் 28 லட்சம் வண்டிகள் உருவாயின. பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், தாராளமான இன்ஜின் அறை என்று நல்ல அடித்தளம் கொண்ட கார் அது. ஆனால் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்ற 240-இன் பி230எஃப் இன்ஜின் தந்தது 114 குதிரைத்திறன்தான். ஏறக்குறைய 1,300 கிலோ எடையுள்ள வண்டியில் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஒரு லாரியை முந்திப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் நன்றாகப் புரியும்.

புகையின் வேகத்தால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிதான் டர்போ. அந்த மருந்தை இதற்கு முதலில் கொடுத்தது வோல்வோவேதான். 1980களின் தொடக்கத்தில் வந்த 240 டர்போ, ஐரோப்பாவில் 155 குதிரைத்திறன் தந்தது. 1985-இல் ஜான்பிராங்கோ பிராங்கடெல்லியும் தாமஸ் லிண்ட்ஸ்ட்ரோமும் அந்தக் காரில் ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தை வென்றார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் டூரிங் கார் தொடரில் பெர் ஸ்டூரெசன் வென்றதும் 240 டர்போவில்தான். ஆனால் அந்த ஆண்டோடு 240-இல் டர்போ நின்றுபோனது. இன்ஜின் மட்டும் 740, 760, பிறகு 940 என்ற மற்ற வோல்வோ கார்களில் 1998 வரை தொடர்ந்தது. டர்போ இல்லாத 240 ஒருவர் வீட்டிலும், அதற்குப் பொருந்தக்கூடிய டர்போ இன்ஜின் பழைய வண்டிகளை உடைக்கும் யார்டிலும் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்று ஒருவர் 240-க்கு டர்போ வேண்டும் என்று முடிவெடுத்தால் அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கும் இன்ஜினிலேயே டர்போவைப் பொருத்துவது முதல் வழி. 740 அல்லது 940 டர்போவின் பி230எஃப்டி இன்ஜினை முழுவதாக எடுத்து மாற்றுவது இரண்டாவது. வோல்வோ 850 போன்ற பிந்தைய கார்களின் ஐந்து சிலிண்டர் டர்போ இன்ஜினைக் கொண்டுவருவது மூன்றாவது. அமெரிக்க வி8, ஜப்பானிய ஆறு சிலிண்டர் என்று இன்னும் பல ஆசைகள் உண்டு. அவை 240-இன் உடலை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கார் கட்டும் வேலை என்பதால் இங்கே பேசவில்லை.

குதிரைத்திறனை வைத்து இந்த மூன்றையும் வரிசைப்படுத்துவதுதான் வழக்கம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். டர்போ என்பது இரும்புக் கூட்டுக்குள் சுழலும் இரண்டு விசிறிகள் மட்டுமல்ல. எவ்வளவு பெட்ரோலைத் தெளிக்க வேண்டும், எப்போது தீப்பொறி விட வேண்டும், நாக்கிங் வந்தால் எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்று கணக்குப் போடும் மின்னணுப் பெட்டிகள், எண்ணெய் வந்து திரும்பும் பாதை, குளிரூட்டும் அமைப்பு, கூடுதல் இழுவையைத் தாங்கும் கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் டர்போ. அந்தத் தொகுப்பில் எவ்வளவு பகுதி உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது வண்டி தயாரான ஆண்டு.

இருக்கும் இன்ஜினில் டர்போவைச் சேர்ப்பது

காகிதத்தில் இதுதான் எளிது. 240-இன் பி230எஃப், 740 டர்போவின் பி230எஃப்டி இரண்டும் ஒரே குடும்பம். இரண்டும் 2,316 சிசி. சிவப்பு வண்ணம் பூசிய வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், எட்டு வால்வு. டர்போவின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைத் திரட்டி அனுப்பும் குழாய்த் தொகுதி, 240-இன் ஹெட்டில் நேராகப் பொருந்துகிறது. உடைபடும் 740 டர்போவிலிருந்து மேனிஃபோல்டு, டர்போ, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், குழாய்கள், இன்ஜெக்டர்கள், மின்னணுப் பெட்டிகள் ஆகியவற்றை எடுத்துவந்தால் இன்ஜினைத் தூக்காமலே வேலையை முடித்துவிடலாம்.

வேறுபாடு பிஸ்டனுக்கு மேலே இருக்கிறது. பி230எஃப்-இன் அமுக்க விகிதம் 9.8, பி230எஃப்டியில் அது 8.7. டர்போ ஏற்கெனவே காற்றை அமுக்கி அனுப்புகிறது. அதைப் பிஸ்டன் 9.8 மடங்கு மேலும் நெருக்கினால் கலவை அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிளக்கில் பற்றிய தீ சிலிண்டரின் மறுகோடியை எட்டுவதற்கு முன்பே, அங்கிருக்கும் மிச்சக் கலவை தானாக வெடிக்கிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். சரளைக்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழும் வேகத்தில் ஓட்டினால் தப்பிக்கலாம். நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது அது கேட்காது. அப்போதுதான் பிஸ்டனில் வளையங்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய மேடு உடைகிறது.

ஆகவே இந்த வழியில் பூஸ்ட்டை, அதாவது டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தத்தை, அரை பார் அளவிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்டர்கூலரை விட்டுவிடக் கூடாது. உயர் ஆக்டேன் பெட்ரோலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. இந்த மூன்றிலும் ஒழுங்காக இருப்பவர்களின் இன்ஜின்கள் நெடுநாள் ஓடுகின்றன. சிக்கல் என்னவென்றால், அரை பார் பூஸ்ட்டின் சுவை கண்டவர்களில் அதோடு நிற்பவர்கள் குறைவு. உங்கள் இயல்பு எது என்பதை நீங்களே நேர்மையாக எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளையும் கவனிக்க வேண்டும். 1985-இல் அறிமுகமான பி230-இன் முதல் சில ஆண்டு இன்ஜின்களில் உராய்வையும் எடையையும் குறைக்க ராடுகளை மெலிதாகச் செய்தார்கள். 1990-ஐ ஒட்டித்தான் தடிமனானவை வந்தன. டர்போ இல்லாத இன்ஜினில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாது. பூஸ்ட்டை ஏற்றினாலோ நாக்கிங்கைக் கண்டும் காணாமல் விட்டாலோ, மெல்லிய ராடு முதலில் வளையும். உங்களிடம் இருப்பது 1987 மாடல் என்றால், இந்த வழியைப் பற்றி யோசிக்கும்போதே ராடுகளின் நினைப்பும் வர வேண்டும்.

எண்ணெய் திரும்பும் பாதையை எல்லோரும் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள். டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது. அழுத்தத்தோடு உள்ளே போகும் எண்ணெய், வெளியே வரும்போது தன் எடையால் மட்டுமே கீழே வடிய வேண்டும். டர்போ இல்லாத பிளாக்கில் அந்த வடிகாலுக்கான திரட்டு வார்க்கப்பட்டிருந்தாலும் துளை திறந்திருக்காது. இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே துளையிட்டால் இரும்புத் தூள் எண்ணெய்த் தொட்டியில் விழும். கிரீஸ் தடவிய டிரில், காந்தம், பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை எண்ணெய் மாற்றம் என்று பொறுமையாகச் செய்பவர்கள் உண்டு. செய்து முடித்தாலும் மனதில் உறுத்தல் இருக்கும். தொட்டியைக் கழற்றித் துடைப்பதே சரி என்பது என் கருத்து. அப்படிக் கழற்றுவதானால், இன்ஜினைத் தூக்காமல் முடிக்கலாம் என்ற முதல் வசதியில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நிலையில் இந்த வழி மிக நன்றாகப் பொருந்துகிறது. வண்டி 1989 அல்லது அதற்குப் பின் வந்ததாக இருந்து, அதில் பாஷ் எல்எச்-ஜெட்ரானிக் 2.4 எரிபொருள் அமைப்பும் நாக்கிங் சென்சாருடன் கூடிய ஈஇசட்கே தீப்பொறிப் பெட்டியும் இருந்தால், அதே அமைப்பைத்தான் பிந்தைய 740 டர்போக்களும் பயன்படுத்தின. வயரிங்கில் பெரிய வேலை இல்லை. டர்போவுக்கான பெட்டிகளை மாட்டி, இன்ஜெக்டர்களை மாற்றினால் போதும். நாக்கிங் வந்தால் பெட்டியே தீப்பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும். இன்ஜின் ஆரோக்கியமாக இருந்து, உரிமையாளரும் பொறுமைசாலியாக இருந்தால், நான் தடுக்க மாட்டேன்.

முழு இன்ஜினையும் மாற்றுவது

நான் பரிந்துரைப்பது இதைத்தான், அதுவும் இன்ஜினை மட்டும் வாங்காமல் முழு 740 அல்லது 940 டர்போவையே வாங்கி. அமெரிக்க பி230எஃப்டி 162 குதிரைத்திறன் தருகிறது. அதைவிட முக்கியமான எண் இழுவை. பி230எஃப்-இல் 184 நியூட்டன் மீட்டராக இருந்தது 264 ஆக உயர்கிறது. அதுவும் 3,500 சுற்றுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அன்றாட ஓட்டத்தில் மேட்டிலும் முந்தும்போதும் நமக்கு வேண்டியது இந்த இழுவைதான். பிஸ்டன், அமுக்க விகிதம், எண்ணெய்த் துளை, மின்னணுக் கணக்கு எல்லாமே இந்த வேலைக்காக வோல்வோ செய்தவை. 1993-க்குப் பிறகான பிளாக்குகளில் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் குழாய்களும் இருக்கின்றன. வாய்ப்பிருந்தால் அந்த ஆண்டு இன்ஜினைத் தேடுங்கள்.

இன்ஜினை 240-இன் தாங்கிகளில் உட்கார வைப்பது கடினமில்லை. தொல்லை வரும் இடம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர். 240-இல் அது பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். பிந்தைய 740, 940 டர்போக்களில் ஹெட்டின் பின்கோடியில், கேம் தண்டின் முனையில் இருக்கும். அந்த இன்ஜினை அப்படியே 240-இல் இறக்கினால் டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையே இருக்கும் தகரச் சுவரில் முட்டும். சிலர் சுத்தியலை எடுத்துச் சுவரைக் குழியாக்கிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. 240-இன் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் புதிய பிளாக்கின் பக்கவாட்டுத் துளையில் பொருத்திவிட்டு, ஹெட்டின் பின்துளையை மூடிவிடலாம். இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால், தொங்கும் இன்ஜினைப் பார்த்தபடி பட்டறையில் கைபிசைந்து நிற்க வேண்டியிருக்காது.

இந்த வழியில் செலவும் நேரமும் பெரிதும் போவது வயரிங்கில். 1980 முதல் 1987 வரை வந்த வோல்வோக்களின் இன்ஜின் வயரிங்கில் அக்காலத்தில் பயன்படுத்திய பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் சிதைந்துபோகிறது. சென்சார் முனைக்கருகே ஒரு வயரைப் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். உறை துண்டு துண்டாக உதிர்ந்து செம்புக் கம்பி தெரிந்தால், அந்த வயரிங்கில் டர்போவை நம்பி ஓட்ட முடியாது. ஒரு கணம் இன்ஜெக்டருக்கு மின்சாரம் தடைபட்டால் சாதாரண இன்ஜின் திக்கும், அவ்வளவுதான். பூஸ்ட்டில் இருக்கும் இன்ஜினில் அந்தச் சிலிண்டரின் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் கருகும். பழைய 240 வைத்திருப்பவர்கள் 1989-க்குப் பிந்தைய டர்போ காரை முழுதாக வாங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். இன்ஜினோடு அதன் வயரிங், பெட்டிகள், ரிலேக்கள் எல்லாம் ஒரே காரிலிருந்து வந்துவிடும். வெவ்வேறு யார்டுகளிலிருந்து திரட்டிய உதிரிகளைச் சேர்த்து, ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தேடும் வேதனை இருக்காது.

கார்புரேட்டர் வைத்த 240 என்றால் இன்னொரு வேலையும் சேரும். இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தரும் மின்சாரப் பம்பும், மீதிப் பெட்ரோல் டாங்குக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். அவற்றையும் அந்தக் காரிலிருந்தே எடுக்கலாம்.

கியர்பாக்ஸில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் உண்டு. நான்கு கியருக்கு மேல் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் வேகநிலை வைத்த எம்46, தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்தது. சாதாரண பூஸ்ட்டுக்கு அது போதும். ஐந்து கியர் எம்47 பலவீனமானது. டர்போவோடு சேர்த்தால் அதன் ஆயுள் குறுகும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், 240-இல் இருக்கும் ஏடபிள்யூ70-க்குப் பதிலாக டர்போ காரின் ஏடபிள்யூ71-ஐப் போடலாம். கணினி எதுவும் இல்லாத, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பெட்டி என்பதால் மின்னணுத் தலைவலி கிடையாது. ஆட்டோமேட்டிக் என்றாலே முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை ஏடபிள்யூ71-இல் ஓட்டிப் பார்க்க வேண்டும். டர்போவின் இழுவையோடு அது அழகாகப் போகிறது.

வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நாடுகளில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. இந்த இன்ஜினின் எக்சாஸ்ட் வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் டர்போவுக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு. மலேசியாவில் ஷா ஆலமில் பொருத்தப்பட்டு இன்றும் சாலையில் இருக்கும் 240-களில் ஸ்டீயரிங் தண்டும் அதே பக்கத்தில் வருகிறது. டர்போவுக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்து, வெப்பத் தடுப்புத் தகட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஸ்டீயரிங் இணைப்பின் ரப்பர் கெடுவது விளையாட்டான விஷயமல்ல.

ஐந்து சிலிண்டர் ஆசை

850 டி-5 இன்ஜின் 2.3 லிட்டரில் 225 குதிரைத்திறன் தந்தது. அலுமினிய பிளாக், இருபது வால்வு, இனிமையான சத்தம். எண்ணைப் பார்த்தால் மற்ற இரண்டு வழிகளும் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும்.

ஆனால் அது முன்சக்கரக் காருக்காகக் குறுக்காக வைக்கப்பட்ட இன்ஜின். 240-இல் அதை நெடுக்காகத் திருப்பி வைக்க வேண்டும். அதே குடும்பத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜின் வோல்வோ 960-இல் நெடுக்காகவே வந்தது என்பதால் அந்தக் காரின் கியர்பாக்ஸ் பொருந்துகிறது. மற்றதெல்லாம் கைவேலை. தாங்கிகள், எண்ணெய்த் தொட்டி, காற்று உள்ளே வரும் பாதை, டர்போவிலிருந்து இறங்கும் குழாய், இன்ஜினை நடத்தும் கணினி என ஒவ்வொன்றையும் அளந்து செய்ய வேண்டும். சுவீடனில் இதை அருமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொந்த லேத்தும் வெல்டிங் கருவியும், நீண்ட குளிர்காலமும் இருக்கின்றன. கூலி கொடுத்துச் செய்விப்பவருக்கு இந்த வழியின் செலவு, முழு பி230எஃப்டி மாற்றத்தைப் போலப் பல மடங்கு ஆகும். பாதியில் நின்றுபோன வண்டிகளை விற்பனை விளம்பரங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. எட்டு வால்வு சிவப்பு பிளாக்கில் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், வால்வு வளையாது. புதிய பெல்ட்டைப் போட்டு வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். ஐந்து சிலிண்டர் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து, ஹெட்டையே பிரிக்க வேண்டிவரும். அன்றாடம் ஓட்டும் பழைய காருக்கு இந்த ஒரு குணத்துக்காகவே சிவப்பு பிளாக்கை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சட்டம் எந்தப் பக்கம்

இதை ஆரம்பத்திலேயே விசாரித்துவிட வேண்டும். கலிபோர்னியாவில் 1976-க்கும் அதற்குப் பின்னும் வந்த பெட்ரோல் கார்கள் புகைப் பரிசோதனைக்கு உட்பட்டவை. அங்கே இன்ஜினை மாற்ற அனுமதி உண்டு. மாற்றும் இன்ஜின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றுவிடாமல் உடன் வர வேண்டும். மாநிலத்தின் நடுவர் நிலையத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். கலிபோர்னியாவில் விற்ற 740 டர்போவின் இன்ஜினை எல்லாக் கருவிகளோடும் 240-இல் பொருத்தியவர் இந்த வாசலைக் கடக்கலாம். பழைய இன்ஜினில் டர்போவை மட்டும் ஒட்டியவருக்கு, அந்தத் தொகுப்புக்கு மாநிலத்தின் விலக்கு ஆணை இல்லாவிட்டால் வழியில்லை. ஒரே டர்போதான், ஒரே திறன்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு.

சுவீடனில் பெரிய அளவில் மாற்றிய வண்டிகளை முதலில் எஸ்எஃப்ஆர்ஓ என்ற வாகனம் கட்டுவோர் அமைப்பு சோதித்துச் சான்று தருகிறது. பிறகுதான் பதிவுப் பரிசோதனை. மலேசியாவில் இன்ஜின் மாற்றத்துக்குப் பரிசோதனையும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவும் வேண்டும். இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணம் எங்கே போனாலும் கேட்கப்படும். முழுக் காரையும் வாங்கியவரிடம் அது இருக்கும்.

வாங்கும் முன்னும், ஓட்டத் தொடங்கிய பின்னும்

ஆக, 1989 அல்லது அதற்குப் பிந்தைய, இன்ஜின் நல்ல நிலையில் உள்ள 240 என்றால், சட்டம் இடம் கொடுக்கும் ஊரில், அரை பாரோடு திருப்தியடைபவர் முதல் வழியில் போகலாம். அதற்கு முந்தைய வண்டி, இன்ஜின் தேய்ந்த வண்டி, கார்புரேட்டர் வண்டி எல்லாவற்றுக்கும் முழு மாற்றம்தான். ஐந்து சிலிண்டர், வேலையையே பொழுதுபோக்காகக் கொண்டு, ஓட்டுவதற்கு இன்னொரு காரும் வைத்திருப்பவருக்கு.

டர்போ காரை வாங்கப் போகும்போது ஒரு ரப்பர் கையுறையை எடுத்துச் செல்லுங்கள். இன்ஜின் சூடாகி மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் கையுறையை மாட்டுங்கள். உள்ளே உறிஞ்சப்பட்டால் நல்லது. விரல்கள் விறைத்து எழுந்து நின்றால் இன்ஜினுக்குள் அழுத்தம் தேங்குகிறது. எண்ணெய் ஆவியை வெளியேற்றும் பாதையில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் வடிகட்டி கரி அடைத்துக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணம். அதைச் சுத்தம் செய்த பிறகும் விரல்கள் எழுந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். விலையைக் குறைத்தாலும் வேண்டாம். டர்போவின் முன்வாயில் இருக்கும் குழாயைக் கழற்றித் தண்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இயல்பு. முன்பின்னாக நகர்ந்தாலோ, விசிறி கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது. மேனிஃபோல்டில் விரிசல் இருக்கிறதா என்பதையும் விளக்கடித்துப் பாருங்கள். 1990-க்குப் பின் வந்த மேனிஃபோல்டு முந்தையதைவிட மேல்.

பொருத்தி முடித்து ஓட்டத் தொடங்கியதும் பூஸ்ட்டை ஏற்றும் கையைக் கட்டிப்போட வேண்டும். தொழிற்சாலை வைத்த அளவிலேயே சில வாரங்கள் ஓட்டுங்கள். பிறகு நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டிவந்த கையோடு இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் வயரையும் பாருங்கள். பீங்கானின் மேல் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ, வெயிலில் திருப்பினால் மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் ஏற்கெனவே பிஸ்டனை அரிக்கத் தொடங்கிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அந்த வண்டியைப் பூஸ்ட்டில் ஓட்டாதீர்கள்.